ஓர் அணுவுலை வெடித்தால் ஓர் அரசு ஏன் ஆட்டங்காண வேண்டும்?

இரணைமடுவான், கிளிநொச்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் கற்பிப்பவன். சென்ற கிழமை சோவியத் ஒன்றியத்தின் சிதைவைப் பற்றிய பாடத்தில், 1986 ஏப்ரல் 26 அன்று நிகழ்ந்த செர்னோபில் விபத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். தான் தொடக்கிவைத்த சீர்திருத்தங்களைக் காட்டிலும் செர்னோபில்தான் ஒன்றியம் குலைந்ததற்கு உண்மையான காரணமாக இருக்கக்கூடும் என்று ஒன்றியத்தின் கடைசித் தலைவரான கோர்பசேவே 2006 இல் எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், எங்கட சனம் பட்டதுக்கெல்லாம் ஓர் அரசும் விழேல்லை. ஒரு மின்நிலையம் வெடிச்சதுக்கு எப்பிடி ஒரு வல்லரசு விழும்?" என்று கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. மணி அடித்தது எனக்கு வாய்ப்பாகிவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவளுடைய கேள்வி சரியான இடத்தில்தான் குத்துகிறது. அந்த இரவிலும் அதைத் தொடர்ந்த சில மாதங்களிலும் கடுங்கதிர்வீச்சினால் இறந்தவர்கள் சுமார் 30 பேர். பின்னாளில் புற்றுநோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் இழுபறி உண்டு என்றாலும், அரசியலை அசைத்தது எண்ணிக்கைதான் என்றால், அதைவிடப் பெரிய எண்ணிக்கைகளை அந்த அரசு போரிலும் பஞ்சத்திலும் கண்டு, அசையாமல் இருந்திருக்கிறதே. அப்படியென்றால் அணுமின் விபத்தில் மட்டும் அரசியலைத் தொடும் தனிக்குணம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறதென்றால், 2011 இல் புக்குஷிமா உலைகள் உருகிய யப்பானில், அணுமின்னைப் பல பத்தாண்டுகள் வளர்த்த கட்சியே அடுத்த ஆண்டு ஆட்சிக்குத் திரும்பியது எப்படி? வினாத்தாளுக்கு எழுதும் ஐந்து புள்ளி விடை எனக்குத் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய பதில் வேண்டும்.

முறிகண்டியான் (பதில்)

ஆசிரியருக்கு வணக்கம். புலமைப்பரிசில் பெற்று 1984 முதல் கீவ் நகரில் பொறியியல் படித்தவன் நான். வெடித்த உலையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் அந்த வசந்தகாலத்தைக் கழித்தவன். ஆகவே நூலில் உள்ளதையும் கண்ணால் கண்டதையும் கலந்தே எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

உலை வெடித்தது சனிக்கிழமை அதிகாலை 1.23 மணிக்கு. சனி, ஞாயிறு இரு நாளும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உலைக்கு அருகிலிருந்த பிரிப்பியாத் நகரத்தின் ஏறத்தாழ 49,000 பேரையும் ஞாயிறு பிற்பகல் பேருந்துகளில் ஏற்றினார்கள். வெடித்து 36 மணிநேரம் கழிந்திருந்தது. முக்கியமான பத்திரங்களையும் கொஞ்ச உணவையும் எடுத்துக்கொள்ளுங்கள், இது தற்காலிகமான வெளியேற்றம் என்று அவர்களுக்கு அறிவித்தார்கள். வன்னியில் இருக்கும் எவருக்கும் "தற்காலிகம்" என்ற அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. திங்கள் காலை, 1,000 கிலோமீற்றருக்கும் அப்பால் சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு தொழிலாளியின் சப்பாத்தில் ஒட்டியிருந்த தூசுக்குக் கருவி அலறியது. சுவீடன்காரர் மாஸ்கோவைக் கேள்வி கேட்ட பிறகே, அன்று இரவு தொலைக்காட்சியில் நாலைந்து வாக்கியங்களில் விபத்து நடந்ததாகச் செய்தி வந்தது. நாங்கள் விவரங்களை அறிந்தது வெளிநாட்டு வானொலியில்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்டு, பக்கத்து ஊரில் நடந்ததை லண்டன் சொல்ல அறிந்த நமக்கு அது புதினமில்லை.

மே 1 ஆம் திகதி கிரெஷ்சாத்திக் வீதியில் தொழிலாளர் தின அணிவகுப்பு வழமைபோல நடந்தது. உக்ரேன் கட்சித் தலைவர் ஷெர்பிட்ஸ்கி மேடையில் நின்றார். பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு நடந்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பவுசர்கள் காலை முதல் மாலை வரை வீதிகளைக் கழுவத் தொடங்கின. மழை இல்லாமலே வீதி எந்நேரமும் ஈரமாகக் கிடந்தது. தொடருந்து நிலையத்தில் சனம் நெருக்கியடித்தது. மே நடுப்பகுதியில் பள்ளிகளை நேரத்தோடே மூடிப் பிள்ளைகளை நகரைவிட்டு அனுப்பினார்கள். கோர்பசேவ் தொலைக்காட்சியில் வாய்திறந்தது மே 14 அன்று, அதாவது 18 நாள் கழித்து.

எங்கள் விடுதியைக் கூட்டித் துடைக்கும் வயதான அம்மா ஒருவர் இருந்தார். அரசியல் என்ற சொல்லே அவருடைய வாயில் வந்ததை நான் கேட்டதில்லை. மே மாத இறுதியில் ஒருநாள், மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பாராமலே, "அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முதல் கிழமையே போய்விட்டார்கள். என் பேத்தி கொடி பிடித்தாள்" என்று மட்டும் சொன்னார். ஆசிரியரே, உங்கள் மாணவியின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலில் பாதி அந்த இரண்டு வாக்கியங்கள்தான். போரில் இறப்பவனுக்கு எதிரி என்றொருவன் காட்டப்படுகிறான். பஞ்சத்துக்கு வானத்தைக் காட்டலாம். கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத, பிள்ளையின் பாலுக்குள் வந்துவிடும் ஒன்றை அளக்கும் கருவி அரசின் கையில் மட்டுமே இருக்கும்போது, அந்த அளவை மறைத்தவனைத் தவிர வேறு எவனையும் காட்ட முடியாது.

மறுபாதி, அந்தக் கோபம் எந்த வழியால் வெளியே வந்தது என்பது. 1987 இல் கீவில் நின்று சுதந்திரம் வேண்டும் என்று கேட்டால் சிறை. ஆனால் பிள்ளைக்கு நல்ல பால் வேண்டும் என்று கேட்கிறவரைச் சிறையில் தள்ளுவது எந்தக் கட்சிக்காரனுக்கும் கூச்சமான வேலை. அந்தக் கதவால்தான் எல்லாரும் நுழைந்தார்கள். "பசுமை உலகம்" என்ற அமைப்பு அவ்வாண்டே தோன்றியது. 1989 மார்ச்சில் முதன்முறையாகப் போட்டியுள்ள தேர்தல் நடந்தபோது, அந்த அமைப்பின் தலைவரான மருத்துவர் யூரி ஷெர்பாக் மக்கள் பிரதிநிதியானார். சித்தோமிர் பகுதியின் பத்திரிகையாளரான அல்லா யரோஷின்ஸ்காவும் வென்றார். இடம்பெயர்ந்தோருக்கென்று அரசு கட்டிய புதிய வீடுகள் கதிரியக்கம் படிந்த நிலத்திலேயே எழும்புகின்றன என்பதைக் கண்டுபிடித்து, அதை அச்சிட இடமில்லாமல் அலைந்தவர் அவர். அந்த வசந்தத்தில்தான் கதிரியக்கம் படிந்த பகுதிகளின் வரைபடங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. 30 கிலோமீற்றர் வட்டத்துக்கு அப்பால் தாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று 3 ஆண்டுகளாக நம்பிப் பயிர்செய்தவர்கள், தங்கள் ஊரின் பெயரை அந்த வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் "ருக்" என்ற மக்கள் இயக்கம் கூடியது, ஷெர்பிட்ஸ்கி பதவியிழந்தார். 1990 இல் உக்ரேன் பாராளுமன்றம் புதிய உலைகளுக்குத் தடை விதித்தது. 1991 டிசெம்பர் 1 சர்வசன வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள்.

பொறியியலாளனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வகை உலையில், நிறுத்துவதற்காகக் கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கும்போது, அவற்றின் நுனியிலிருந்த காரீயம் (கிராபைட்) முதற்சில கணங்களுக்கு வலுவைக் கூட்டிவிடக்கூடும் என்பது 1983 இலேயே லித்துவேனியாவின் இக்னாலினா உலையைப் பரீட்சித்தபோது தெரிந்திருந்தது. உலையை இயக்குவோருக்கு அதன் ஆபத்தை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. வெடிப்பை மறைத்தார்கள் என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். மறைத்ததால்தான் வெடித்தது என்பதைப் பேசுவோர் குறைவு.

அந்த மே மாதம் வெளிநாட்டு மாணவர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரு கருவியால் தடவிப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு துண்டுச்சீட்டுத் தந்தார்கள். "உடல்நலமாக உள்ளார்" என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. எண் ஒன்றுமில்லை. அளந்தவர் எழுதவில்லையா, எழுத விடவில்லையா, எனக்குத் தெரியாது.

வவுனியா வாசகி (பதில்)

முறிகண்டி ஐயாவின் பதிலை இருமுறை வாசித்தேன். அந்த அம்மாவின் சொற்களுக்கு முன்னால் வாதாடுவது கடினம், இருந்தாலும் வாதாடுகிறேன். கோர்பசேவின் கூற்றை நான் அப்படியே ஏற்கமாட்டேன். தன் முடிவுகளால் ஒன்றியம் குலைந்தது என்பதைவிட ஓர் உலையால் குலைந்தது என்பது அவருக்கு ஆறுதலான கதை. 18 நாள் மௌனம் காத்தவரும் அவர்தானே. அதே 1986 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்து, ஒன்றியத்தின் அந்நியச் செலாவணியை வற்றச் செய்தது. ஆப்கானிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்தது. போல்ட்டிக் நாடுகளின் தேசிய உணர்வு செர்னோபிலுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. விபத்து, ஏற்கெனவே காய்ந்திருந்த பற்றைக்குள் விழுந்த பொறி.

பற்றை காயாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பெலருஸ் சான்று. கதிரியக்கத் தூசில் பெரும்பங்கு விழுந்தது அங்கேதான். ஆண்டுதோறும் ஏப்ரல் 26 அன்று மின்ஸ்க் நகரில் "செர்னோபில் பாதை" என்ற ஊர்வலமும் நடந்தது. ஆனால் 1994 இல் லுக்காஷென்கோ சனாதிபதிப் பதவிக்கு வந்தார், போகவில்லை. 2020 நவம்பரில், ரஷ்யா கட்டிக்கொடுத்த அணுமின் நிலையம் அங்கே அஸ்த்ராவெட்ஸில் மின்வழங்கத் தொடங்கியது. உக்ரேனிலும் ஐயா சொன்ன தடை 1993 இலேயே நீங்கியது. அந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி பின்னர் அணுவிலிருந்தே வந்தது. குளிர்காலத்தில் வீடு சூடாக வேண்டும் என்பதும் அரசியல்தான்.

இதற்கு மறுதலையாக, ஒரு விபத்தும் நடக்காத ஜேர்மனியில் அரசியல் அடியோடு மாறியது. அங்கே கோபத்தைப் பிடித்துவைக்க ஒரு பாத்திரம் முன்பே இருந்தது: 1980 இல் உருவாகி 1983 இல் பாராளுமன்றம் புகுந்த பசுமைக் கட்சி. 2010 இலையுதிர்காலத்தில் உலைகளின் ஆயுளை நீட்டித்த அரசுத் தலைவி மேர்க்கெல், புக்குஷிமா நடந்த சில நாள்களுக்குள் அதைக் கைவிட்டு, பழைய உலைகளை நிறுத்தச் சொன்னார். அப்படியிருந்தும் மார்ச் 27 அன்று, அவருடைய கட்சி 58 ஆண்டுகள் ஆண்ட பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம் கைநழுவியது. பசுமைக் கட்சியின் முதலாவது மாநில முதல்வராக கிரெட்ச்மான் வந்தார். ஜேர்மனியின் கடைசி 3 உலைகளும் 2023 ஏப்ரல் 15 அன்று அணைந்தன. 9,000 கிலோமீற்றர் அப்பால் நடந்த விபத்து செய்த வேலை இது.

இனி யப்பான். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது ஆட்சியிலிருந்தது பிரதமர் நவோத்தோ கானின் ஜனநாயகக் கட்சி. அரை நூற்றாண்டாக உலைகளைக் கட்டியதும், மின்நிறுவனங்களோடும் அதிகாரிகளோடும் ஒரே பாயில் படுத்ததும் லிபரல் ஜனநாயகக் கட்சி. தீ பிடித்த நேரத்தில் வீட்டிலிருந்தவன் மீது பழி விழுந்தது. அடுப்பைக் கட்டியவன் தப்பினான். கான் அவ்வாண்டே விலகினார். 2012 டிசெம்பர் தேர்தலில் அவருடைய கட்சி 480 இடங்களில் 57 ஐ மட்டும் பெற, பழைய கட்சி 294 இடங்களோடு திரும்பியது. அதே ஆண்டுக் கோடையில் பிரதமர் அலுவலகத்தின் முன் வெள்ளிக்கிழமைதோறும் பல்லாயிரவர் கூடியிருந்தார்கள். வீதியில் நின்ற அந்தக் கோபத்துக்கு வாக்குச்சீட்டில் ஒரு பெயர் இருக்கவில்லை. அணுமின்னை எதிர்த்த கட்சிகள் பல துண்டுகளாகக் கிடந்தன. இதை வாசிக்கும் வடமாகாணத்து வாக்காளர் தமக்குள் சிரித்துக்கொள்ளலாம்.

ஆனாலும் ஒன்றும் மாறவில்லை என்று சொல்வதும் தவறு. விபத்துக்கு முன் 54 உலைகள் இருந்த நாட்டில், 2012 மேயில் ஓர் உலைகூட ஓடவில்லை. புதிய விதிகளின் கீழ் முதல் உலை செந்தாய் என்ற அணுமின் நிலையத்தில் 2015 ஓகஸ்டில்தான் இயங்கியது. ஓர் உலையை மீண்டும் தொடக்க மாகாண ஆளுநரின் சம்மதத்தைப் பெறும் வழக்கம் வலுப்பெற்று, தலைநகரின் கையிலிருந்த முடிவு ஓரளவு மாகாணங்களுக்கு இறங்கியது. ஆட்சி மாறாமலே அதிகாரம் இடம்மாறலாம்.

நமியே என்ற ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலைக்கு அருகிலிருந்த அவ்வூர் மக்கள், பாதுகாப்பென்று எண்ணி வடமேற்கே சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். காற்றும் அந்தத் திசையில்தான் போனது. காற்று எங்கே போகும் என்று கணித்துச் சொல்லும் கட்டமைப்பு அரசிடம் இருந்தது; அதன் கணிப்புகள் அம்மக்களுக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள், அங்கிருந்த தண்ணீரில் சமைத்தார்கள். இதை முதன்முறை வாசித்த அன்று மேலே வாசிக்காமல் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

விடத்தல்தீவான், மன்னார் (பதில்)

அக்கா ரஷ்யா, யப்பான் என்று போய்வந்துவிட்டார். நான் எங்கள் கடலுக்கு வருகிறேன். கூடங்குளம் மன்னாரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீற்றர். கோர்பசேவும் ராஜீவ் காந்தியும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988 நவம்பரில், அதாவது செர்னோபில் நடந்து இரண்டரை ஆண்டில். புக்குஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரை மக்கள் லூர்து மாதா கோவில் முன்றலில் பந்தலிட்டு இருந்தார்கள். அவர்களும் எங்களைப் போல வலைபிடிக்கிற சனம். 2011 செப்டெம்பரில், மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்துங்கள் என்று ஜெயலலிதாவின் அமைச்சரவை தீர்மானம் எடுத்தது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிந்தது. 19 ஆம் திகதி அதே அமைச்சரவை உலையைத் திறக்கச் சம்மதித்தது. அந்த ஒரு நாள் இடைவெளியை உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள், ஆசிரியரே. 2013 ஒக்ரோபரில் உலை மின்வழங்கியது. போராட்டத்தின் முகமாக இருந்த உதயகுமார் 2014 இல் கன்னியாகுமரியில் போட்டியிட்டுத் தோற்றார். தமிழ்நாட்டில் அப்போது மணிக்கணக்கில் மின்வெட்டு. இடிந்தகரையின் அச்சத்தை விடக் கோயம்புத்தூரின் தறிகளுக்கு வாக்கு அதிகம்.

எங்கள் பக்கத்தில் அது அரசியலாகவே எழவில்லை. அக்கரை இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுப்பது இரவுதோறும் கண்ணுக்குத் தெரிகிற சேதம். உலை கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் 2021 இல் கொழும்புக் கடலில் இரசாயனம் ஏற்றிய கப்பல் எரிந்தபோது நடந்ததை மறக்கமாட்டேன். எங்கள் வாடியிலிருந்து வவுனியாச் சந்தைக்கு ஏற்றிய விளைமீனைத் தொட்டுப் பார்த்த பெண், "இது எந்தக் கடல் மீன்?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் கருவாட்டுக் கடைக்குப் போய்விட்டார். எங்கள் கடலில் ஒரு துரும்பும் விழவில்லை. 2023 ஓகஸ்டில் யப்பான் புக்குஷிமாவின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும், அந்நாட்டுக் கடலுணவு முழுவதையும் சீனா தடைசெய்தது. அறிவியல் அளவு என்னவென்பது வேறு. வாங்குகிறவர் எழுந்து போய்விட்டால் மீனவனுக்கு அரசியல் அங்கேயே தொடங்கிவிடும்.

இரணைமடுவான் (மறுமொழி)

மூவருக்கும் நன்றி. வாசகி சொன்ன பாத்திரமும் ஐயா சொன்ன கதவும் ஒன்றையொன்று மறுப்பனவாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு சந்தேகம்: யப்பானில் கண்காணிப்பு அமைப்பு என்று ஒன்று இருந்ததே, அது ஏன் தடுக்கவில்லை? மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். மேலும் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் துண்டுச்சீட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா?

முறிகண்டியான் (பதில்)

நாடு திரும்பிய பின் நீர்ப்பாசன வேலையில் இருந்தேன், ஆகையால் குளத்தை வைத்தே சொல்கிறேன். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர், சிறுபோகத்துக்கு ஒரு ஏக்கர்கூடக் குறையாமல் தண்ணீர் தேக்கச் சொல்வார்கள். அது அவர்களுடைய நியாயம். கட்டைப் பார்க்கிறவன், வான் பாயும் மட்டத்துக்கு முன்பே துருசைத் திற என்பான். இரண்டு வேலையையும் ஒருவனிடம் கொடுத்துப் பாருங்கள், விளைச்சலுக்குப் பாராட்டு வாங்குகிற ஆண்டுகளில் அவன் கட்டைப் பார்க்கப் போகமாட்டான். யப்பானில் அணுமின்னை வளர்த்த கைத்தொழில் அமைச்சின் கீழேயே பாதுகாப்பைக் கண்காணிக்கும் முகவரகமும் இருந்தது. பாராளுமன்றம் அமைத்த குரோகாவா ஆணைக்குழு 2012 யூலையில் அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே எழுதியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கண்காணிப்பைப் பிரித்துத் தனி அதிகாரசபை அமைத்தார்கள். ஓர் உலைகூட இல்லாத நம் நாட்டிலும் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தல் பேரவையையும் வெவ்வேறாக்கியிருக்கிறது. சட்டத்தில் பிரிப்பது இலகு; கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசுகிறவனைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

பிள்ளை வாசகி, எண்ணெய் விலையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் படியைத் துடைத்த அந்த அம்மாவுக்கு எண்ணெய் விலை தெரியாது.

துண்டுச்சீட்டு இல்லை, ஆசிரியரே. காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்து, தறப்பாளுக்குத் தறப்பாளாக 2009 வரை கொண்டு திரிந்தேன். மாத்தளன் பக்கம் ஒருநாள் மழைத்தண்ணீர் பைக்குள் புகுந்துவிட்டது. உறுதியை வெயிலில் விரித்துக் காயவைத்து எடுத்தோம். சீட்டின் மை ஊதாவாகக் கரைந்து உறுதியின் பின்பக்கத்தில் படிந்திருக்கிறது. முத்திரையின் வட்டம் மட்டும் அரைகுறையாகத் தெரியும். அது போதுமென்றால் உறுதியையே கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை பாடம் எத்தனை மணிக்கு?